ஜவுளிக்கடை வாசலில் சொந்த மெஷின்

"கடையில வேலை பாக்குறாரு" என்று என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது சொன்னால் அந்தக் காலத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. அதன் வாசல் தாழ்வாரத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். உள்ளே துணி எடுத்தவர்கள் வெளியே வந்து அவரிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். இடம் கடைக்காரருடையது. மெஷின் எங்களுடையது, என் வளையலை விற்று வாங்கியது. ஆகவே அவர் வேலையாள் இல்லை, தனித் தொழில் செய்கிறவர் என்பது என் கட்சி. கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமம். எங்க ஐயா அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு கதவு அகலம். மழை பொய்த்த வருஷத்தில் உப்பும் மிளகாயும் தவிர வேறெதுவும் போகாது. இருந்தாலும் கடைக்காரர். எங்கள் ஆட்களில் ஆம்பிளைகள் முதலில் அடுத்தவர் கடையில் நின்று தொழில் பழகுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சின்னதாகவாவது சொந்தமாக ஒன்றைப் போட்டுவிட வேண்டும். தலை நரைக்கிற வரைக்கும் இன்னொருவர் கல்லாவுக்கு எதிரே நிற்கிறவரைத் தேறாத ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, "மாப்பிள்ளைக்குப் பஜார்ல சொந்தத் தொழிலு" என்றுதான் சொன்னார்கள். வந்து பார்த்தால் தாழ்வாரம், வாடகை மெஷின். மேலே போர்டில் இருந்தது ஜவுளிக்கடைப் பெயர். என் அண்ணன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, பஜார் பக்கம் போகவிடாமல் சோற்றைப் போட்டுப் பேசிப் பேசியே கடைசி பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.

எங்கள் ஊரில் மகமை என்று ஒன்று உண்டு. வியாபாரிகள் வரும்படியில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்குக் கொடுப்பார்கள். கோயிலும் பள்ளிக்கூடமும் அதில் நடந்தன. மகமை கொடுக்கிறவருக்குத் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து பேச உரிமை. சம்பளத்துக்கு இருக்கிறவர்கள் கொடுக்க வேண்டியதில்லை, எழுந்து பேசவும் மாட்டார்கள். ஒருநாள் ஜவுளிக்கடைக்காரரே இவரைக் கூப்பிட்டு, "நீங்களும் மகமை குடுங்க டெய்லரே. நீங்க என்ன எங்கிட்டச் சம்பளமா வாங்குறீக? ஒங்க மெஷினு, ஒங்க தொழிலு" என்றாராம். அதைக் கேட்டு எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பாயசம் வைத்தேன்.

அதே சமயத்தில்தான் கடைகளைச் சோதிக்கிற அதிகாரி வந்து, எத்தனை ஆட்கள் வேலைக்கு இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போனார். ஆள் கூடினால் கடைக்காரருக்குச் சட்டப்படிப் பொறுப்பும் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. அதிகாரி கேட்டபோது இவர் கழுத்து டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் தனி சார்" என்றிருக்கிறார். கடைக்காரர் அன்றைக்குத் தனக்கு வாங்கிய காப்பியில் இவருக்கும் ஒன்று சேர்த்து வரவழைத்தார். அந்த ஒரு தம்ளர் காப்பியைத் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இந்த வயசிலும் முகம் சுடுகிறது.

கடையில் மற்றவர்கள் எல்லாரும் கடைக்காரரை மொதலாளி என்பார்கள். இவர் மட்டும் அண்ணாச்சி என்பார். அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. சாயங்காலம் இவர் கொண்டுவருகிற சட்டைகளுக்கு நான் காஜா எடுத்து, பட்டன் கட்டுவேன். அக்கம்பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால், "எங்க தொழில்ல ஒரு நிமிசம் ஓய்வு கெடையாது" என்பேன். ஏதோ ஒரு மில்லையே நடத்துகிற மாதிரி இருக்கும் என் பேச்சு.

இப்படி நாங்களே ஊதி ஊதி நம்பிக்கொண்டிருந்ததில் ஒருநாள் அகப்பட்டுக்கொண்டோம். பந்தல்குடி ரோட்டில் லாரி வைத்திருந்தவர் ஒருவர், மகளுடைய கல்யாணத்துக்கு மதுரையில் எடுத்த துணியை இவரிடம் கொண்டுவந்து, தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து என்னிடம் யோசனை கேட்டார்.

"ஒங்க மெஷினு. எவரு துணியையும் தைக்கலாம். யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல மாட்டாகள்ல?"

"அவுகதான சொன்னாக, ஒங்க தொழிலுன்னு."

வாங்கிவிட்டார். மூன்றாவது சட்டை தைக்கும்போது கடைக்காரர் வெளியே வந்து துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது நம்ம கடை உருப்படி இல்லையே" என்றார். மதுரையில் எடுத்தது என்று இவர் உள்ளதைச் சொன்னார். அவர் சத்தம்கூடப் போடவில்லையாம். "என் வாசல்ல ஒக்காந்துக்கிட்டு எவன் கடைத் துணியையோ தைப்பீகளோ? நாளையிலருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெஷினைக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பஜார் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியதைப் பார்த்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் வந்து கதவைத் தட்டவேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று.

பஜாரில் வேறு யாரும் தாழ்வாரம் தரவில்லை. ஒருவர் விலக்கியவரை இன்னொருவர் உட்காரவைத்தால் அவர்களுக்குள் மனஸ்தாபம் வரும். வீட்டில் மெஷின் போட்டுப் பார்த்தோம். சந்துக்குள் அளவு கொடுக்க யார் வருவார்கள்? தறி நெய்கிற தெருக்களில் போய்ப் பாவாடை, சட்டை கேட்டு வாங்கி வந்து தைத்தார். அடுப்பு சில நாள் ஒரு நேரம்தான் எரிந்தது. எதிர்வீட்டில் குடியிருந்தவர் மில்லில் சங்கத்து ஆள். அவர்தான், ஆறு மாசத்துக்கு மேல் வேலை பார்த்த ஆளைக் காரணம் இல்லாமல், நோட்டீஸ் இல்லாமல் கடையைவிட்டு அனுப்ப முடியாது, சட்டம் இருக்கிறது என்று சொல்லி மதுரையில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனார். "ஆனா நீங்க அவுக ஆளுன்னு நிரூபிக்கணும்" என்று பஸ்ஸிலேயே சொன்னார். அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

வக்கீல் எங்களுக்காக மனு போட்டார். அதற்குக் கடைக்காரர் கொடுத்த பதில் வந்தது. வக்கீல் வாசித்துக் காட்டினார். டெய்லர் என்னுடைய ஆள் இல்லை. மெஷின் அவருடையது. மகமை கொடுக்கிற தனி வியாபாரி. அதிகாரியிடம் அவரே தன் வாயால் தனி என்று சொல்லியிருக்கிறார். சம்பளம் கிடையாது, உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வீட்டில் மனைவியை வைத்து வேலை வாங்குகிறார். கேட்கக் கேட்க எனக்கு உட்கார முடியவில்லை. நான் தெருத் தெருவாகப் பெருமையடித்ததெல்லாம் அச்சு அசலாக அதில் இருந்தது. எங்களுக்கு எதிராகச் சொல்ல அவர் புதிதாக ஒரு வார்த்தைகூட யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

வக்கீல் கலங்கவில்லை. "மெஷின் யாருதுங்கிறது பெரிசில்ல. உருப்படிக் கூலிங்கிறதும் பெரிசில்ல. இவர் கை யார் சொல்படி அசைஞ்சதுங்கிறதுதான் கேள்வி. முடியாதுன்னு சொல்ல இவருக்கு உரிமை இருந்துச்சா? இஷ்டப்பட்ட நேரத்துக்கு வரலாமா, போகலாமா? அதைச் சொல்லுங்க" என்றார்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கடை திறக்கும்போது வந்து நிற்க வேண்டும். கையில் வேலை இல்லாவிட்டாலும் ராத்திரி கடையடைத்துப் பலகை போடுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. கடைக்காரர் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பிய பிறகுதான் இவர் தூக்குச்சட்டியைத் திறக்கலாம். காலர் சரியில்லை என்று வாடிக்கைக்காரர்கள் முன்னால் சட்டையை மடியில் எறிந்து, பிரித்துத் தை என்பார். பிரித்துத் தைக்க வேண்டும். எந்தத் துணியை முதலில் தைப்பது என்பதையும் அவர்தான் சொல்வார்.

வக்கீல் ஒவ்வொன்றுக்கும் "நல்லாருக்கு" என்று சொல்லி எழுதிக்கொண்டார். மடியில் எறிந்ததைச் சொன்னபோது "ரொம்ப நல்லாருக்கு" என்றார். எனக்கு அந்த மனிதர் பேனாவைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. என் புருஷனுக்கு நடந்த ஒவ்வொரு அவமானமும் எங்கள் பக்கத்துக்கு ஒரு பலம். இன்னும் கொஞ்சம் மோசமாக நடத்தியிருந்தால் இன்னும் சுலபமாக ஜெயிக்கலாம். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு, அவர் போதுமான அளவு சொல்கிறாரா என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன். இதைவிட வெட்கம் கெட்ட நிலை வேறென்ன இருக்கிறது?

விசாரணை மதுரையில், தொழிலாளர் துறை அதிகாரி முன்னால். பெரிய கோர்ட்டெல்லாம் இல்லை. ஒரு நீள மேஜை, சுவரோரம் பெஞ்சு. துணைக்கு வாரேன் என்று என் அண்ணன் ஊரிலிருந்து வந்துவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மாப்பிள்ளையின் சொந்தத் தொழிலைப் பற்றி நான் இத்தனை வருஷம் அளந்ததை எல்லாம் கேட்டவர் பெஞ்சில் தோள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். காஜாவுக்கு நூல் யார் கொடுத்தது என்று கேட்டார் எங்கள் வக்கீல்.

"கடையிலருந்து வரும்."

"பட்டன்?"

"அதுவும் கடையிலருந்துதான்."

"காஜா சரியா விழலேன்னா?"

"பிரிச்சு எடுக்கச் சொல்லித் திருப்பிக் குடுத்து விடுவாக."

"யாரு?"

"மொதலாளி" என்றேன். அந்த வார்த்தையை அவரைக் குறித்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணன் பக்கம் நான் திரும்பவில்லை.

அடுத்தது இவர். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, மகமை கொடுத்தீர்களா என்றார். கொடுத்தேன் என்றார் இவர். சம்பளத்துக்கு இருக்கிறவர்கள் கொடுப்பார்களா என்றார். கொடுக்க மாட்டார்கள் என்றார். கேஸ் போய்விட்டது என்றே நினைத்தேன். எங்கள் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த மகமையை யார் கையால குடுத்தீங்க?"

இவர், "மொதலாளியே தையக்கூலியில பிடிச்சுக்கிட்டுக் குடுத்துருவாக" என்றார். சலவை வேட்டி கட்டிக்கொண்டு தானே போய்க் கொடுத்துவிட்டு வந்ததாக என்னிடம் சொல்லியிருந்தார். வேட்டியை வெளுத்து மடித்துக் கொடுத்ததே நான்தான்.

பிறகு லீவைப் பற்றிக் கேட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வக்கீல் வீட்டில் நான் இல்லாத நேரத்தில் இவர் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் முதல் பிள்ளை என் பிறந்த ஊரில் பிறந்தது. ஆம்பிளைப் பிள்ளை. ஐப்பசி மாசம், தீபாவளி நெருக்கம். பிறந்ததிலிருந்தே மூச்சு சரியில்லை. பிறந்ததற்கும் ஆள் அனுப்பினோம், பிள்ளைக்கு முடியவில்லை என்றும் அனுப்பினோம். அவர் வரவில்லை. பிள்ளை போய்விட்டது. தீபாவளி கழித்து வந்து, "சீசன் நேரத்துல தொழிலப் போட்டுட்டு வர முடியல" என்றார். எங்க ஐயா, "தொழில்னா அப்படித்தான்" என்று தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. அதன்பிறகு எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து நன்றாக வளர்ந்தும், சண்டை என்று வந்தால் முதலில் அதைத்தான் எடுத்து வீசுவேன். "ஒங்களுக்குத் தொழில்தான பிள்ள" என்பேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். குற்றம் உள்ளவர் பதில் பேச முடியாமல் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நீள மேஜைக்கு முன்னால் நின்று அவர் சொன்னார்: "லீவு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன் சார். பிள்ளைக்கு முடியலன்னு சொல்லித்தான் கேட்டேன். 'போறதுன்னா போ, திரும்பி வரும்போது அந்த எடத்துல வேற மெஷின் கெடக்கும்'னாக."

"போனீங்களா?" என்றார் அதிகாரி.

"போகல சார்."

அதிகாரி கடைக்காரரைப் பார்த்து, இது நிஜமா என்று கேட்டார். அவருடைய வக்கீல் எழுந்திருப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார். "தீபாவளி டயம் சார். அந்த நேரத்துல ஆளுகளுக்கு லீவு விட்டா யாவாரம் என்னத்துக்கு ஆகும்?"

பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை அவர். ஆனால் அதில் மறைக்க ஏதாவது இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை. தன் ஆள் இல்லாதவருக்கு லீவு மறுக்க முடியாது என்பது அவருடைய வக்கீலுக்கு உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த காகிதக் கட்டை மூடிவைத்தார். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கே நாங்கள் ஜெயித்துவிட்டோம். எனக்கு அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவிடத் தோன்றியது. என் பிள்ளை செத்ததும் ஒரு சாட்சியாகிப்போனது. அதைவிட, என் புருஷனுடைய மனசை நான் அந்த அதிகாரியோடு சேர்ந்து அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது அண்ணன் பஸ்ஸில் முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். பஸ் காரியாபட்டி தாண்டியது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"என்னன்னு சொல்ல? ஒங்க ஐயா முன்னால நின்னு, மொதலாளி விடலன்னா சொல்ல?"

"பெறகு சொல்லியிருக்கலாம்."

"பெறகுந்தான் நீ எங்க என்னைய வேலைக்காரனா இருக்க விட்ட?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வேலைக்காரர் என்று தெரிவதைவிடக் கல்மனசுக்காரர் என்று நான் திட்டுவதே மேல் என்று அவர் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார். அப்படி இருக்கவைத்தது நான்.

அவர் கடையின் ஆள்தான், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கைவண்டியில் மெஷின் மறுபடியும் பஜார் வழியாகப் போனது. இந்தத் தடவை நான் கதவைச் சாத்தவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மகமையிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். திருவிழாக் கூட்டத்தில் அவர் கடைசி வரிசையில் கடைப் பையன்களோடு உட்கார்ந்திருந்ததை ஒரு அம்மாள் வேலை மெனக்கெட்டு வந்து எனக்குச் சொன்னாள். "ஆமா, அவுக அங்க வேலைதான் பாக்குறாக" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவள் போன பிறகு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். வெட்கம் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகிற சாமான் இல்லை. கடைக்காரர் அவரிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டையை மடியில் எறிவது நின்றுபோனது.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் சாயங்காலம் வந்து, "நாளைக்கு லீவு. ஒங்க ஊருக்குப் போயிட்டு வருவம்" என்றார். என்ன விசேஷம் என்றேன். "பிள்ளைய வச்ச எடத்தை நான் பாக்கலைல்ல" என்றார்.

நானும் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு நான் வீட்டுக்குள் கிடந்தேன். எங்க ஐயாவும் அண்ணனும்தான் கொண்டுபோனார்கள். ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். ஓடைக்கரையில் ரெண்டாவது பனைக்கு மேற்கே என்று அண்ணன் சொல்லியிருந்தார். திருச்சுழியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வண்டிப்பாதையில் நடந்து ஓடைக்குப் போனோம். பனைகளை யாரோ வீட்டு உத்தரத்துக்கு வெட்டியிருந்தார்கள். கரை நெடுகச் சீமைக்கருவேல் ஏறிக் கிடந்தது. எது ரெண்டாவது பனை நின்ற இடம், எதற்கு மேற்கே என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்துக்கு வரவில்லை, வரவில்லை என்று அவரை அத்தனை வருஷம் குத்தியவள், அந்த இடத்தைக் காட்டத் தெரியாமல் முள்ளுக்கு நடுவில் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "தெரியலங்க, போயிருவம்" என்றேன்.

அவர் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து முள்ளை விலக்கினார்.

"மெதுவாத் தேடுவம். அவசரமில்ல" என்றார். "சம்பளத்தோட லீவுதான்."